ரயிலடிக் காட்சியின் வயலின்

சித்தியின் இடது தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில், புளியங்கொட்டை அளவில் கறுத்த தழும்பு ஒன்று இருந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் சூடு பட்டதா, பல்லி எச்சமா என்று கேட்பார்கள். சித்தி சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். வயலின் வைத்து வைத்து வந்த தழும்பு அது. சிறுவயதிலிருந்து தினமும் ஒரே இடத்தில் மரம் அழுத்தி, வியர்வை ஊறி, தோல் தடித்துப்போயிருந்தது. அவள் மடியில் படுத்துக்கொண்டு நான் அதை விரலால் தடவிப் பார்ப்பேன். சொரசொரவென்று இருக்கும். "வலிக்குமா சித்தி?" என்று கேட்டால், "அது இருக்கதுனாலதாம்ட்டி வலிக்கல" என்பாள். அது எவ்வளவு சரியான பதில் என்று புரிய எனக்குப் பாதி ஆயுள் ஆகியிருக்கிறது.

இப்படிப்பட்ட குறிப்புகளைக் கண்ணீர் மல்க எழுதுவது வழக்கம். எனக்குக் கண்ணீர் வரவில்லை. பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. வயதானால் கோபம் தணியும் என்று பலர் சொன்னார்கள். அவர்களுக்குத் தணிந்திருக்கலாம். சித்தியும் ஒரு நாளும் என்னைப்போல் கத்தியதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கத்துகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. சங்கு ஊதினால் தெருவெல்லாம் சைக்கிளாக ஓடும். எங்கள் வரிசையில் சேலத்துக்காரர், தஞ்சாவூர்க்காரர், கோயம்புத்தூர்க்காரர் என்று ஊருக்கு ஒரு வீடு இருந்தது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அம்மாவின் தங்கையான சித்தி டைப்ரைட்டிங் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் எங்களோடு வந்து தங்கினாள். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் கறுப்பு வயலின் பெட்டியும் கொண்டுவந்தாள். வயலின் தாத்தாவுடையது. ஊர்ச் சர்ச்சில் பாடகர் குழு நடத்திய தாத்தா, கண் மூடுவதற்கு முன்பே அதைச் சித்தி கையில் கொடுத்துவிட்டார். வந்த மாதமே எங்கள் காலனி சர்ச்சின் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சர்ச் அது. வெயில் நேரத்தில் பிரசங்கம் நீண்டால் பாதிப் பேர் விசிறிக்கொண்டும் மீதிப் பேர் தூங்கிக்கொண்டும் இருப்பார்கள். ஆனால் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் சித்தி எழுந்து வில்லை நரம்பில் வைத்தால் விசிறிகள் நின்றுவிடும். ஒரு சுரத்தை ஆட்டாமல், அசைக்காமல், நேராக இழுப்பாள். கேட்கிறவர்களுக்கு அவரவர் செத்துப்போன ஆட்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

சர்ச் கமிட்டியின் செயலாளரை எல்லோரும் செக்ரட்டரி மாமா என்போம். அவரும் எங்கள் பக்கத்துக்காரர். தொழிற்சாலையில் அப்பாவுக்கு ஃபோர்மேன். வாரம் ஆறு நாள் அங்கே அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை இங்கே அதிகாரம். சினிமா தியேட்டர் வாசலை மிதித்ததில்லை என்று அவர் மைக்கில் பெருமையாகச் சொல்லுவார். தெருவில் சினிமாப் பாட்டு கேட்டால் நடையை எட்டிப் போடுவார். அவர் வீட்டு ரேடியோவில் செய்தி மட்டும்தான் வாசிக்கப்படும்.

சித்தியை சினிமாவுக்கு அழைத்துப்போனது டிரம்ஸ் அண்ணன். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். சர்ச்சில் எங்கள் குழுவுக்கும் ஸ்டூடியோவில் சினிமாவுக்கும் வாசிப்பார். ஆண்பிள்ளை என்பதாலோ, டிரம்ஸ் என்பதாலோ அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "யக்கா, ஒரு காதல் படம், ரீ-ரெக்கார்டிங் கீது. வயலின்ல ஒர்த்தருக்கு டைபாய்டு. சும்மா வந்துகினு பின் வரிசைல ஒக்காந்துக்க. இன்னா போவுது?" என்றார். அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். "போயிட்டு வா" என்று சொன்னது அம்மாதான். அதற்காக இன்றைக்கும் அம்மாவை நான் ஒரு படி மேலே வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஸ்டூடியோவில் நடந்ததைச் சித்தி எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பெரிய ஹால். முன்னால் திரை. வசனம் மட்டும் உள்ள படத்தை ரீல் ரீலாக ஓட்டிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து இசையமைப்பாளர் எழுதிக்கொடுக்க, படம் மறுபடி ஓட ஓட எல்லோரும் வாசிக்க வேண்டும். அன்று வந்த ரீலில் வசனமே இல்லை. ஒரு பெண் ரயிலடியில் நிற்கிறாள். ரயில் வருகிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், அவன் வரவில்லை, ரயில் போகிறது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்காக இடம் பிடித்துப் போட்டுவைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். அதற்கு ஒற்றை வயலின். முன்வரிசையில் இருந்த பெரிய வித்வான் அருமையாக வாசித்தாராம். ஆனால் இசையமைப்பாளர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம். "அழகா இருக்கு. ஆனா அழகு வேணாம். இந்தப் பொண்ணு அழல, பாருங்க. சர்ச்சில வாசிப்பாங்களே, நேரா, ஆட்டாம, அப்படி வேணும்" என்றிருக்கிறார். பின்னாலிருந்து டிரம்ஸ் அண்ணன், "சார், நம்ம அக்கா சர்ச்சுலதான் சார் வாசிக்கிறாங்க" என்று குரல் கொடுத்துவிட்டார்.  காகிதத்தை முன்னால் வைத்தார்கள். திருவிருந்து நேரத்தில் எப்படி வாசிப்பாளோ அப்படியே வாசித்தாள். முடிந்ததும் அந்தப் பெரிய வித்வானே திரும்பி அவளைப் பார்த்துக் கை குவித்தாராம். அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். இன்னும் சில படங்களுக்கு வாசித்தால் சினிமா இசைக்கலைஞர் சங்கத்தில் உறுப்பினர் கார்டு வாங்கிவிடலாம், அப்புறம் இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று டிரம்ஸ் அண்ணன் கணக்குப் போட்டார். சித்தி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். கதை என்ன சித்தி, அவன் கடைசியில் வந்தானா என்று நான் கேட்டேன். "எனக்கு ஒரு ரீலுதாம்ட்டி காட்டுனாவ, யாரு கண்டா" என்றாள்.

படம் வந்தபோது, தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று ஆவடியை விட்டு அம்பத்தூருக்குப் போய்ப் பார்த்தோம். அம்மா, சித்தி, நான். ரயிலடிக் காட்சி வந்ததும் வசனம் இல்லையென்று ஆண்கள் பீடி குடிக்க எழுந்துபோனார்கள். முறுக்கு விற்கிறவன் வரிசைக்குள் புகுந்தான். யாரோ விசில் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து, சித்தி வாசித்தது வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா மூக்கைச் சிந்தி, "பாவம்டி அந்தப் பொண்ணு" என்றாள். அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துப் போடும்போது சித்தியின் பெயர் வரவில்லை. வாசிக்கிறவர்கள் பெயரெல்லாம் போடமாட்டார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். இருந்தாலும் நான் கடைசிவரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன்.

விஷயத்தை யாரும் கோள் மூட்டவில்லை. டிரம்ஸ் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. பாடகர் குழுப் பயிற்சியில் எல்லோர் முன்னாலும், "அக்கா இன்னாமா வாசிச்சுது தெரியுமா? ஸ்டூடியோவே கம்முனு ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்தியைக் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போனார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். போதகர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் செக்ரட்டரி மாமாதான். "சினிமாக்காரனுக்கு, அதுவும் காதல் படத்துக்கு வாசிச்ச கையை வச்சா கர்த்தருக்கு வாசிக்கது? வார ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால நின்னு மன்னிப்பு கேளு. முடிச்சுருவோம்" என்றார். சித்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அண்ணாச்சி, நீங்க அதைக் கேட்டியளா?" என்றாள். "நான் எதுக்குக் கேக்கணும்?" "கேட்டுட்டுச் சொல்லுங்க. அதுல எது தப்புன்னு சொன்னா மன்னிப்பு கேக்கேன்." அவர் மேஜையைத் தட்டினார். அன்றோடு பாடகர் குழுவில் அவளுக்கு இடமில்லை.

பார்க்காத படம். கேட்காத இசை. தீர்ப்பு மட்டும் தயாராக இருந்தது. இதை எழுதும்போது என் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

அதோடு விட்டிருந்தாலும் சித்தி ஸ்டூடியோவுக்குப் போய்ப் பிழைத்திருப்பாள். ஆனால் அப்பாவுக்கு ஃபோர்மேன் தயவு வேண்டியிருந்தது. பதவி உயர்வு வரவேண்டிய சமயம். வீட்டில் அவர் சித்தியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இங்க பாரு பிள்ள, உனக்கு மாப்ள பாக்கணும். சினிமாவுக்குப் போற பிள்ளைன்னு ஒரு வார்த்த வந்துட்டா எவன் வருவான்? இந்த வீட்டுல இருக்க வரைக்கும் ஸ்டூடியோ வேண்டாம்." சித்தி, "அத்தான், நான் வாசிச்சிட்டு வாரேன், வேற என்ன செஞ்சேன்?" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். என் அப்பா கெட்டவரில்லை. பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற அநியாயத்துக்குக் கெட்டவர்கள் கிட்டே நிற்க முடியாது.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்று சபையார் தங்கள் வீட்டிலிருந்து எதையாவது காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூடப் போட்டி போட்டுக் கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை அது. அன்று அப்பா எங்களுக்கு முன்பே சைக்கிளில் கிளம்பிவிட்டார். நாங்கள் போய்ப் பந்தலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். மேஜையின் மேல் பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல், யாரோ வீட்டில் செய்த கேக். பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் கறுப்பு வயலின் பெட்டி.

சித்தி எழுந்தாள். அம்மா அவள் சேலையைப் பிடித்தும் நிற்கவில்லை. நேராக மேஜைக்குப் போய், "அது என் வயலின்" என்றாள். ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் செக்ரட்டரி மாமா. கையில் மைக். "கர்த்தருக்குக் குடுத்ததைத் திரும்பக் கேக்கலாமா தாயி?" என்று மைக்கிலேயே கேட்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. சித்தி அப்பாவைத் தேடினாள். அப்பா சேவலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமாதானத்துக்காகக் கொடுத்தேன் என்று பிற்பாடு அம்மாவிடம் சொன்னாராம். யாருடைய பொருளை யார் யாருக்குக் கொடுப்பது? வயலினை ஏலம் கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுமட்டும் ஆறுதல். "சரி, யாரும் கேக்கலன்னா நானே எடுத்துக்கிடுதேன். எம்மவன் படிக்கட்டும்" என்று செக்ரட்டரி மாமா பெட்டியைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, சேவலுக்குப் போனார்.

அவர் மகன் அதைப் படிக்கவில்லை. வயலின் அவர்கள் வீட்டு ஷோகேஸில், பரிசுக் கோப்பைக்கும் பிளாஸ்டிக் மயிலுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. டிரம்ஸ் அண்ணன் சில தடவை வந்து, "யக்கா, வேற வயலின் ரெடி பண்ணிக்கலாம், நீ வா" என்று கூப்பிட்டார். சித்தி வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போகவும் இல்லை. அப்புறம் அவரும் நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளைகள் வந்தார்கள். சினிமாவுக்கு வாசித்த பெண் என்று யாரோ அவர்களுக்குச் சொன்னார்கள். போனார்கள். எந்தக் கல்யாணத்துக்காக வயலினைப் பிடுங்கினார்களோ அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை. அப்பாவுக்குப் பதவி உயர்வு மட்டும் வந்தது. அன்று வாங்கிவந்த மிட்டாயை நான் கழிவறையில் கொட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்கு அப்போது கான்கிரீட் கூரை வந்துவிட்டது. கீபோர்டும் வந்துவிட்டது. வாசிப்பது செக்ரட்டரி மாமாவின் மகன். காணிக்கைப் பை வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவன் ஏதோ மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது சுரத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரயிலடி. அதே ரயிலடி. கீபோர்டில் வயலின் சத்தம் வைத்து, ஒரு சுரம் பிசகாமல் வாசித்தான். கேபிள் டிவியில் அந்தப் படத்தை அடிக்கடி போடுவார்கள். காலனிப் பையன்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பின் பெஞ்சில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் பக்கத்தில் சித்தி காணிக்கைப் பையைக் கையில் வாங்கியவள் அடுத்த ஆளிடம் கொடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அறிவிப்பு நேரத்தில் செக்ரட்டரி மாமா மைக்குக்கு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாகத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குக் காணிக்கை நேரத்துல வாசிச்சாம்லா, எலும்பெல்லாம் உருகிட்டு. அந்தக் காலத்து ஞானப்பாட்டுன்னா இதுதான். இந்தச் சினிமாக்காரன் போடுத மெட்டுல இந்தப் பக்தி வருமா?" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். பாட்டாக இருந்தால் வரியாவது காட்டிக்கொடுத்திருக்கும். பின்னணி இசைக்கு வரி ஏது? படம் பார்த்தவனுக்குத்தான் தெரியும். வாழ்நாளில் படமே பார்க்காதவர்தான் அப்படி ஏமாற முடியும். ஆனால் அவர் முழுக்க ஏமாறவும் இல்லை. அதில் இருந்தது எங்கள் சர்ச்சின் திருவிருந்து வாசிப்பு. அந்த மனிதர் தன் காதால் சரியாகத்தான் கேட்டார், பத்துப் பன்னிரண்டு வருஷம் தாமதமாக.

வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றார். சித்தி அவர் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, அது ஞானப்பாட்டு இல்ல. சினிமா. ஸ்டூடியோவுல நான் வாசிச்சது. அதுக்குத்தான் என்னைய நிறுத்துனிய" என்றாள்.

அவர் விழித்தார். யோசித்தார். முகம் கறுக்கும், வெட்கப்படுவார், குறைந்தபட்சம் கோபமாவது படுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்படியா பிள்ள! நீயா வாசிச்ச? நல்லா இருந்துச்சே!" என்றார். "ஆமா, நீ ஏன் இப்பல்லாம் வாசிக்கதில்ல? கர்த்தர் குடுத்த திறமைய, அந்தத் தாலந்தை, மண்ணுல புதைச்சு வைக்கலாமா?"

அவருக்கு ஞாபகமே இல்லை. கமிட்டி அறை, தட்டிய மேஜை, ஏலம், பந்தலின் சிரிப்பு, ஒன்றுமே இல்லை. ஒருத்தியின் வாழ்க்கையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, சேவலுக்குப் போனவர் அல்லவா. "நீங்கதான மாமா ஏலம் போட்டிய! உங்க வீட்டு ஷோகேஸ்லதான இருக்கு!" என்று நான் கத்தினேன். வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவர், "சின்னப் பிள்ளைக்குக் கோவத்தப் பாரு" என்று சிரித்து அடுத்தவருக்குக் கை நீட்டினார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.  அதற்குப் பிறகு நான் அந்தச் சர்ச்சுக்குப் போனதில்லை. சித்தி போனாள். "கர்த்தர் என்னட்டி செஞ்சாரு?" என்றாள்.

இப்போது நாங்கள் வானகரத்தில் இருக்கிறோம். சித்தி என்னோடுதான். செக்ரட்டரி மாமா போன வருஷம் காலமானார். சில வாரங்களுக்கு முன் அவர் மகன் வீடு தேடி வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. கையில் அந்தக் கறுப்புப் பெட்டி. "ஊட்ட ஒழிச்சுகினு இருந்தோம் ஆன்ட்டி. ஷோகேஸ்ல இது இருந்துச்சு. நீங்க வாசிப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. அப்பா ஞாபகமா வெச்சுக்கோங்க" என்றான்.

அப்பா ஞாபகமாக. சித்தியிடமிருந்து பிடுங்கிய சித்தியின் வயலினை, பிடுங்கியவர் ஞாபகமாகச் சித்தியே வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவன் நல்லவன். நான் சர்ச் வாசலில் கத்தியபோதும் அவன் உள்ளே கீபோர்டைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இவர்களுக்கு எப்போதுமே ஒன்றும் தெரியாது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "நல்லதுப்பா" என்று வாங்கிக்கொண்டாள்.

அவன் போன பிறகு பெட்டியைத் திறந்தாள். நரம்புகள் அறுந்து சுருண்டு கிடந்தன. வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருந்தது. முந்தானையால் தூசியைத் துடைத்து, வயலினை எடுத்துத் தோளில் வைத்து, தாடையைச் சாய்த்து அழுத்தினாள்.  பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே இறக்கினாள்.

"குத்துதுட்டி" என்றாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். நான் தடவித் தடவிப் பார்த்த அந்தத் தழும்பு இல்லை. எந்த வருஷம் போனது என்று எனக்குத் தெரியாது, நான் கவனிக்கவில்லை. சுருக்கம் விழுந்த மெல்லிய தோலில், முதல் நாள் வயலின் பிடிக்கிற பிள்ளைக்கு வருவதுபோல, மரம் பட்ட இடம் மட்டும் சிவந்திருந்தது. எண்ணெய் தடவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், காப்பி போடு என்றாள். நான் காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் அந்தச் சிவப்பும் போய்விட்டது.